செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்கத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, குடிநீர், வாய்க்கால் தூர்வாரல் தொடர்பாகக் கொடுத்த மனுக்களின் நகல்கள் மேசைமேல் உள்ள கோப்பில் இருக்கின்றன. நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கும் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கும் நாம் செய்த உதவியைப் பற்றி.

தென்காசி வட்டாரத்துக்கு இந்தப் பணி புதிதல்ல. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அந்தச் சங்கத்துக்குச் சூட்டினார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வருடத்துக்கு ஒருநாள் சாப்பாடு போட்டதோடு நாம் நின்றுவிட்டோம் என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

தை அமாவாசையன்று நாம் வழக்கமாகச் செல்லும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லத்துக்குச் சாம்பாரும் பாயசமுமாகப் போனோம். எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பத்தார் பாத்திரங்களோடு வந்து நின்றார்கள். பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "சாப்பாட்டுக்குக் குறையில்ல சார். ராத்திரி டயப்பர் இல்லாமத்தான் பிள்ளைய நனைஞ்சு கெடக்குதுவ" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்னதானம் பெரிய புண்ணியம்தான். ஆனால் அமாவாசைக்கும் பிறந்தநாளுக்கும் குவியும் சோறு அடுத்த செவ்வாய்க்கிழமை இருக்காது. டயப்பரும் சோப்பும், இரவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் சம்பளமும் எல்லா நாளும் வேண்டும். மாசி மாதம் முதல் டயப்பர் செலவை நம் சங்கம் ஏற்றிருக்கிறது.

சக்கர நாற்காலி விஷயத்தில் நாம் ஒரு தவறு செய்தோம். அது அறிக்கையில் பதிவாக வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவனுக்கு முந்தைய ஆண்டு பெரியவர்கள் உட்காரும் நாற்காலியை வாங்கிக் கொடுத்து, பேனர் கட்டிப் படமும் எடுத்துக்கொண்டோம். இந்த ஆண்டு போய்ப் பார்த்தபோது அவன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தான். கால் மிதிதட்டை எட்டவில்லை. அவன் தாயார் பழைய சேலையை மடித்து விலாவுக்கு அண்டக் கொடுத்திருந்தார். இடுப்பு அகலமும் தொடை நீளமும் அளந்து வாங்காவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கிச் சொன்னார். அளவெடுத்துச் செய்த நாற்காலிக்குக் கூடுதல் செலவாகிறது. அதனால் மூன்று வாங்க வைத்திருந்த பணத்தில் ஒன்றுதான் வாங்க முடிந்தது. எண்ணிக்கை குறைந்ததே என்று வருத்தப்பட்ட உறுப்பினர்கள் ஒருமுறை அந்தப் பையனை நேரில் பார்த்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து தானே கரண்டி பிடிக்கிறான். உதவி பெறுபவர்களைப் படம் எடுப்பதில்லை என்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது.

படுக்கை நோயாளிகளுக்கு இரவல் கொடுக்க இரண்டு ஏர் பெட், நான்கு வாக்கர், ஒரு கமோடு நாற்காலி வாங்கினோம். ஏர் பெட்டில் உள்ள அறைகள் மோட்டார் மூலம் மாறி மாறி உப்பித் தாழும். உடம்பில் ஒரே இடம் அழுந்திக்கொண்டிருக்காது என்பதால் படுக்கைப்புண் வருவது குறைகிறது. அதன்மேல் கனத்த மெத்தையை விரித்தால் பலன் போய்விடும். ஏர் பெட் இருந்தாலும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் ஒருவர் வீடு வீடாக வந்து இதைச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

புற்றுநோயால் தாயை இழந்த ஒரு மகன், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஏர் பெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டெட்டால் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மோட்டார் வயரை நூலால் கட்டியிருந்தார். கூடவே பிரிக்காத டயப்பர் பொட்டலம் ஒன்று. "அடுத்தவங்களுக்கு ஆகும் அண்ணாச்சி" என்றவர் உட்காரக்கூட இல்லை. அன்று மாலையே அது வேறொரு வீட்டுக்குப் போனது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விஷயம் பலருக்குத் தெரியவில்லை. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. நரம்பு நோயான பார்கின்சன், ரத்தக் கோளாறுகளான தலசீமியா, ஹீமோபிலியா ஆகியவையும் அதில் அடக்கம். "எங்க வீட்டுக்காரருக்கு நோய்தானே, ஊனம் இல்லையே" என்று இருந்துவிட்ட ஒரு குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து முகாமுக்கு ஆட்டோவும் வைத்துக் கொடுத்தோம். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சிலருக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, பிறந்தநாள், திருமணநாள் நன்கொடைகளை அன்றைய சாப்பாட்டுக்கு என்று ஒதுக்காமல் இல்லத்தின் மாதச் செலவு நிதியில் சேர்ப்பது. மற்றொன்று, மூன்றாவதாக ஒரு ஏர் பெட் வாங்குவது. இருக்கும் இரண்டும் வெளியே போயிருக்கின்றன. கேட்டு இரண்டு வீட்டார் காத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்