ஈப்போவுக்கு மேலேயே இறங்கத் தொடங்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் ஏ320 ஜெட் விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் போகிறாய் என்று படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார். மாலையில் இருவரும் உங்கள் வீட்டுக்குப் போனோம். அதற்குள் உன் பெயரில் அர்ச்சனையே முடிந்திருந்தது. உன் அம்மா பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் உன் பெயர் இருந்தது.

இந்த வாரம் முழுவதும் எனக்கு விடுப்பு. நாம் பந்து விளையாடிய திடலுக்கு அப்பால் இருந்த பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, அடியோடு வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கோயிலில் மட்டும் விளக்கு அணையவில்லை. மகாத்மா காந்தி கலாசாலைப் பிள்ளைகளிடம் நாம் ஒருநாள் வந்து பேச வேண்டும் என்று கடைத்தெருவில் பார்த்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். நீ வந்ததும் சேர்ந்தே போகலாம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். செஸ்னா 172-இல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் பெரிய விமானத்தில் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு டன்னைச் சற்றே தாண்டும் விமானத்தை ஓட்டியவன் 78 டன்னை எப்படி அடக்குவது என்பது உன் கவலை. அந்த எடை உன் கைக்குத் தெரியாது. ஏ320-இல் இருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் சிறு கைப்பிடியான சைடு ஸ்டிக்கை இரண்டு விரலால் அசைக்கலாம். இறக்கைக்குக் கட்டளை போவது கணினி வழியாக. உன்னைச் சோதிக்கப்போவது நேரம். செஸ்னாவில் நினைத்தவுடன் நடக்கும். ஜெட்டில் நடக்க வேண்டியதை வெகுதூரம் முன்பே நினைத்திருக்க வேண்டும்.

வடக்கிலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு 35,000 அடியில் வருகிறாய் என்று வைத்துக்கொள். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்று கணக்கிட்டால் 105 மைல். வேகத்தைக் குறைக்க இன்னும் பத்து மைல் சேர்த்துக்கொள். அப்படியென்றால் ஈப்போவுக்கு மேலே வரும்போதே இறங்கத் தொடங்கியாக வேண்டும். எந்த ஓடுபாதை, வானிலை எப்படி, தரையிறங்க முடியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறுவது என்று கேப்டனோடு பேசி முடிப்பதெல்லாம் நம் ஊரைத் தாண்டுவதற்குள் ஆகிவிட வேண்டும். ஜெட்டின் வேகத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. தாமதித்தால் விமானம் உனக்காகக் காத்திருக்காது. ஒரே நேரத்தில் வேகமாக இறங்கு, வேகத்தையும் குறை என்றால் அதன் இறக்கை கேட்காது. செஸ்னாவில் த்ராட்டிலை மூடி, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்கித் தப்பித்துக்கொள்ளும் வழக்கத்தை, நீ சொல்லிக்கொடுத்த மலாக்காவிலேயே விட்டுவிட்டு வா.

என்ஜினும் அப்படித்தான். பிஸ்டன் என்ஜின் கேட்டவுடன் கொடுத்துவிடும். ஜெட்டின் டர்பைன் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த ஓட்டத்தில், கிடந்தால் முழு உந்துவிசைக்கு வர சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். தரைக்கு அருகில் அந்தச் சில நொடிகள் நம்மிடம் இருக்காது. அதனால்தான் 1,000 அடிக்குள் சக்கரம், ஃபிளாப், வேகம், உந்துவிசை எல்லாம் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் மீண்டும் மேலேறு. யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். பால்மரம் சீவும் என் அப்பா வானம் கறுத்திருந்தால் மரத்தில் கத்தி படுவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவார். சீவிய பிறகு மழை வந்தால் பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நிற்காமல் வழிந்தோடிவிடும். 1,000 அடியில் எனக்கு அவர் நினைவு வரும்.

தரையிறக்கத்தில் இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். மாணவர்களிடம் "பிடி, பிடி, இன்னும் பிடி" என்று சொல்லி, இறக்கை இனி தாங்காது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் முனகும்வரை செஸ்னாவை மிதக்கவிடுவாய். இங்கே முப்பது அடி அளவில் மூக்கை மெல்ல உயர்த்தி, உந்துவிசையைக் குறைத்து, சக்கரத்தை உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். 135 நாட் (மணிக்கு 135 கடல் மைல்) வேகத்தில் விமானம் நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி மிதந்தால் ஈப்போ ஓடுபாதையின் 2,000 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இப்போது உனக்கு வாய்த்திருக்கும் பெரிய பலத்தைச் சொல்கிறேன். இத்தனை வருடமாக நீ பயிற்றுநராக வலது இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைக் கவனித்து வந்திருக்கிறாய். துணை விமானியின் இருக்கையும் அதுதான். வலது கையில் ஸ்டிக், இடது கையில் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர். கைகள்கூட இடம் மாறவில்லை. வேகம் ஐந்து நாட் குறைவதை மாணவனுக்கு முன்பே பார்க்கும் கண் உனக்கு உண்டு. அந்தக் கண்ணைத்தான் கேப்டன் நம்பியிருப்பார்.

ஆனால் பயிற்றுநரின் கையை மட்டும் கட்டிப்போடு. செஸ்னாவில் மாணவன் தடுமாறினால் உன் கை தானாகவே போகும். விமானத்தை ஓட்டும் கைப்பிடிகளான இரண்டு யோக்கும் சேர்ந்தே அசைவதால் அவனுக்கும் தெரிந்துவிடும். ஏ320-இல் இரண்டு ஸ்டிக்குகளுக்கும் தொடர்பு கிடையாது. கேப்டன் ஓட்டும்போது நீயும் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளும். "டூயல் இன்புட்" என்று எச்சரிக்கைக் குரல் எழும். முதலில் வாய் பேச வேண்டும். "வேகம்" என்று சொல். திருத்தம் இல்லையென்றால் மறுபடி சொல். விமானத்தின் கட்டுப்பாட்டை வாங்கியே ஆக வேண்டும் என்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று அறிவித்து, ஸ்டிக்கில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி வாங்கு. மூத்தவர் முன்னால் வாய்திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். விமானி அறையில் அந்த மரியாதை வேண்டாம். அங்கே சொல்வதுதான் மரியாதை.

ஆட்டோபைலட்டே எல்லாம் செய்துவிடும் என்று இங்கே பலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சொன்னதைத்தான் அது செய்யும். தவறாகச் சொன்னாலும் செய்யும். திரையின் உச்சியில் ஆட்டோபைலட்டின் எந்த நிலை மாறினாலும் வாய்விட்டுப் படிக்கப் பழகு. கால்களையும் சோம்ப விடாதே. செஸ்னா ஏறும்போது வலது ரட்டர் மிதியை அழுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெட்டில் கால்களுக்கு நாள்கணக்கில் வேலை இருக்காது. சிமுலேட்டரில், ஓடுபாதையில் இனி நிறுத்தக் கூடாது, மேலேறியே ஆக வேண்டும் என்ற வி1 வேகத்தைத் தாண்டியதும் ஒரு என்ஜினை நிறுத்துவார்கள். உன் கால் எவ்வளவு விழித்திருக்கிறது என்று அப்போது தெரியும்.

சிமுலேட்டரில் உன்னோடு ஜோடி சேரப்போகிறவர் யார் என்று தெரிந்தால் இப்போதே அழைத்துப் பேசு. காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, இரண்டு நாற்காலி போட்டு, செக்லிஸ்ட்டைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். என் பழைய குறிப்புப் புத்தகங்களை உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வார இறுதியில் வந்து எடுத்துக்கொள். நான் ஞாயிறு மாலை வரை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
குமார்