மனம் ஒட்டாத ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மனம் ஒட்டாமல் முழங்கால்படியிடுவது பாசாங்கு போலத் தோன்றுகிறது, அதனால் ஆர்வம் திரும்பும்வரை ஜெபத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மறைக்காமல் சொன்னதில் எனக்குச் சந்தோஷம். உன் முடிவில் மட்டும் சம்மதமில்லை.

கைக்குழந்தையாக இருந்தபோது நீ நடுராத்திரியில் அழுவாய். எழுந்திருக்க ஆசை வரட்டும் என்று நான் படுத்திருக்கவில்லை. பாதிக் கண் மூடியபடியே எழுந்து உன்னைத் தூக்கினேன். அதைப் பாசாங்கு என்று சொல்வாயா?

எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தோடு வேத வாசிப்பும் நின்றுவிட்டதாமே. பலர் நிற்கும் இடம்தான் அது. மொத்தம் 89 வசனங்கள். பலிபீடப் பிரதிஷ்டைக்காக இஸ்ரவேலின் கோத்திரத் தலைவர்கள் 12 பேர், நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன் வருகிறான். 130 சேக்கல் நிறையுள்ள வெள்ளித்தாலம், 70 சேக்கலில் ஒரு வெள்ளிக்கலம், 10 சேக்கலில் பொன் தூபகரண்டி, பிறகு பலிக்கான மிருகங்கள். இரண்டாம் நாளும் அதேதான். பன்னிரண்டாம் நாள் நப்தலி கோத்திரத்து அகீரா வரும்போதும் அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. நம் ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தால் இரண்டாம் நாளிலேயே ‘மேற்படி’ என்று போட்டு வேலையை முடித்திருப்பார். வேதமோ அகீராவின் கரண்டியையும் நிறை குறையாமல் எழுதி வைத்திருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை என்பதற்காக அவன் காணிக்கையைத் தேவன் சுருக்கிவிடவில்லை. நேற்றுச் சொன்ன அதே வார்த்தைகளோடு, அதே தூக்கக் கலக்கத்தோடு நீ போய் நிற்பதையும் அவர் அப்படித்தான் ஏற்றுக்கொள்வார் என்று நான் நம்புகிறேன்.

பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் மூன்றாம் முறை அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கினால் நல்லது என்பதே அவருடைய விண்ணப்பமாக இருந்தது. சற்றுத் தள்ளிச் சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துக்கத்தினால் தூங்கினார்கள் என்று லூக்கா கொஞ்சம் இரக்கத்தோடு சொல்கிறார். அவர்கள் எண்ணத்தில் குற்றமில்லை. ஆனாலும் விழித்திருந்து ஜெபிக்கச் சொல்லியும் தூங்கிய பேதுரு, சேவல் கூவுவதற்குள் அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்துவிட்டான். சோதனை வாசலில் வந்து நிற்கும்போது உட்கார்ந்து ஜெபம் பழக நேரம் இருக்காது, மகளே.

எனவே நாளைக் காலையிலேயே தொடங்கு. போனைத் தலைமாட்டில் வைக்காதே, வேறு அறையில் வை. 15 நிமிடம் போதும். சங்கீதம் ஒன்றை வாய்விட்டு வாசி. சொல்ல வார்த்தை வரவில்லையென்றால் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறுதலாக ஒரு முடிவுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். நடுவில் அலுவலக வேலை ஞாபகத்துக்கு வந்தால் அதை விரட்டிக்கொண்டிருக்காமல் அதற்காகவே ஜெபித்துவிடு.

உபவாசம் பற்றிக் கேட்டிருந்தாய். மருந்து சாப்பிடும் நாட்களில் வேண்டாம். உடலை வருத்துவதில் தனியாக ஒரு மேன்மையும் கிடையாது. இயேசு சொன்ன உவமையில், வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்த பக்திமானான பரிசேயன் அதைத் தேவனுக்கே சொல்லிக்காட்டினான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவனோ தூரத்தில் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற, வரி வசூலிக்கும் ஆயக்காரன். இரட்சிப்பு கிருபையினால் வந்தது. சீக்கிரம் எழுந்தோ பட்டினி கிடந்தோ நீ அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம்விடக் கடினமான ஒன்றை உன் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். உன்னைப் புண்படுத்திப் பேசிய சபைச் சகோதரியைப் பார்க்காமல் இருக்க இரண்டாவது ஆராதனைக்கு மாறிவிட்டாயாம். அதிகாலையில் எழுவது உடம்புக்குத்தான் கஷ்டம். இது மானத்தைத் தொடுகிற காரியம், அதனால் இங்கேதான் உன் ஜெபமும் தடைப்பட்டிருக்கிறது என்பது என் சந்தேகம். குற்றம் செய்தவரிடம் தனித்திருக்கையில் பேசு என்று இயேசு சொன்னார். நீ தோழிகள் இருவரிடம் சொல்லிவிட்டு, மூன்றாவதாக எனக்கு எழுதியிருக்கிறாய். விஷயம் இன்னும் அவரிடம் மட்டும்தான் போய்ச் சேரவில்லை!

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவரைக் கூப்பிட்டுப் பேசு. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போகாதே, கேட்காமலும் போகலாம். என்ன பேசினீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம், அது உங்கள் இருவரோடு இருக்கட்டும். எப்போது சந்திக்கிறீர்கள் என்று மட்டும் சொல், அந்த நேரத்தில் நான் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா