வாசல் நிலை மக்கியது, கரையான் அல்ல: புகார்

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர், ஏற்காடு.
பெறுநர்: மேலாளர், நிலை, கதவு விற்பனை நிறுவனம், சேலம்.

ஐயா,

தாங்கள் செய்து பொருத்திய வாசல் நிலையின் வலது கால் அடியில் மக்கிவிட்டது. பார்க்க வந்த தங்கள் மேற்பார்வையாளர் ‘கரையான்’ என்று எழுதிக்கொடுத்து, மருந்தடிக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்.

கரையான் என்றால் மண் தடம் எங்கே? உள்ளே மண் அடைத்த பொந்துகூட இல்லை. மேலே பெயிண்ட் முழுசாக இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது. சுரண்டிப் பார்த்தால் மரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கிறது. எடுத்து நசுக்கினால் பொடி. மரத்தின் நாரான செல்லுலோஸைத் தின்று, நாரைப் பிணைக்கும் பழுப்புப் பொருளான லிக்னினை விட்டுவைக்கும் பூஞ்சையின் வேலை இது. கரையான் மருந்துக்கு இது கட்டுப்படாது.

மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் பூஞ்சை வளராது. ஈரப்பதமானி (மீட்டர்) வைத்துப் பார்த்ததில் இடுப்பு உயரத்தில் 15, தரையோரம் 30. காரணம், நிலையின் காலை சிமெண்டுத் தரைக்குள் 2 அங்குலம் புதைத்திருக்கிறீர்கள். அறுத்த முனைக்கு பிரைமர்கூட இல்லை. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதே அந்த முனை வழியாகத்தான். சுவரை ஒட்டிய பக்கமும் வெறும் மரம். வெளியே தெரியும் பக்கங்களில் மட்டும் எனாமல், ஆகவே உள்ளே போன ஈரம் காய வழியில்லை. சேலத்து வெயிலில் தாக்குப்பிடிக்கும் வேலை, ஏற்காட்டின் ஐப்பசி அடைமழையிலும் பனிமூட்டத்திலும் நிற்காது.

பில்லில் ‘முழுக்க வைரம் பாய்ந்த தேக்கு’ என்றிருக்கிறது. வைரம் என்பது மரத்தின் முற்றிய நடுப்பகுதி. மக்கிய பக்கமோ வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய இளம் மரம். தேக்கு மக்காது என்ற பேச்செல்லாம் வைரத்துக்குத்தான்.

பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசுவதாக இருந்தால் ஆளே அனுப்ப வேண்டாம். பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியாமல் மேலேறியிருக்கும் என்பதால், மக்கல் முடியும் இடத்துக்கு மேலே 1 அடியாவது நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுங்கள். மீதி மரம் 20க்குக் கீழே காய்ந்த பிறகே ஒட்டு வேலை. மழையில் அது ஆகாது, தை பிறக்கட்டும். புதுத் துண்டு வைரமாக இருக்க வேண்டும். 1 பங்கு போரிக் அமிலத்துக்கு 1.5 பங்கு போராக்ஸ் கலந்த கரைசலில் அதை ஊறவையுங்கள். பழைய வெட்டுமுகத்துக்கும் அதையே தடவுங்கள். இந்தக் கரைசலில் உள்ள போரான் மழையில் கரைந்து போகும், அதனால் காய்ந்ததும் நாலு பக்கமும் முனையும் பிரைமர் பூசுவது கட்டாயம். கால், தரைமட்டத்துக்கு மேல் 3 அங்குலம் உயர்ந்த கருங்கல் துண்டின்மேல் நிற்கட்டும்.

இடது காலும் அப்படியே புதைந்திருக்கிறது, அதையும் சேர்த்துச் செய்யுங்கள். இரண்டுக்கும் செலவு தங்களுடையது. மருந்துக் கட்டணத்தை ரத்துசெய்து எழுத்துமூலம் பதில் தரவும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்