பின்கட்டுச் சுவரில் இருந்த விரிசல்

ஏழுகிணறு,
சென்னை.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருக்கக் கந்தகோட்டத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

பேரன் பள்ளியில் நம் பூர்வீக வீட்டைப் பற்றிப் பேசப்போகிறான் என்றும், பின்கட்டுச் சுவரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டு பட்டு விரிசல் விட்ட கதையை அவனுக்குச் சொல்லியிருக்கிறாய் என்றும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். நான் அப்போது பதில் பேசவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல என்பதால் எழுதுகிறேன். அந்த விரிசல் எம்டனால் வந்தது அல்ல.

சென்ற மாத மழையில் அந்தச் சுவர் ஊறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. திருவொற்றியூரில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். வீடு உறுதியாக நிற்கட்டும் என்று உன் அப்பா பூசிய சிமெண்டுதான் கேடு செய்திருக்கிறது என்றார். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர், தரையில் இருந்து ஏறும் ஈரத்தைத் தானாகவே காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திப் பாவி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்துப் போட்ட நம் மெட்ராஸ் டெரஸ் கூரையை அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விரிசல் ஓரமாக உளியை வைத்துத் தட்டினார். உள்ளே என் கட்டைவிரல் பருமனில் ஓர் அரச மர வேர், இரண்டு செங்கல் வரிசைகளுக்கு நடுவில் நசுங்கித் தட்டையாகி, மாடிக் கைப்பிடிச்சுவரில் இருந்து கீழே வரை இறங்கியிருந்தது. காக்கை எச்சத்தில் விழுந்த விதையாக இருக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு வருடமும் தலையை மட்டும் கிள்ளிவிட்டுச் செடி ஒழிந்தது என்று நினைத்திருந்தார். அந்த வேரைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடங்களாக வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த விரிசலைக் காட்டி நானும்தானே கதை சொன்னேன்!

அன்றிரவு தூக்கம் வராமல், உன் கொள்ளுப்பாட்டி உண்மையில் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். நான் 1976-இல் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவர் கண் மங்கிப்போய்ப் பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியதும், துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும் உனக்குத் தெரியும். உயர் நீதிமன்ற மதிற்சுவர் ஓரம் இருக்கும் அதன் நினைவுக் கல்லை அப்பா உனக்குக் காட்டியிருக்கிறார். அப்போது கொள்ளுப்பாட்டிக்குப் பதினான்கு வயது, புதுப்பெண். முற்றத்து வானம் செக்கச்செவேலென்று ஆகியதும், மாமியார் அவரை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டுச் சுவரோடு சேர்த்து உட்காரவைத்துத் தம் முந்தானையால் மூடிக்கொண்டாராம். விடியும்வரை அந்தச் சுவரில் சாய்ந்தபடியே இருந்ததாகவும், மறுநாள் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியதாகவும் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். குண்டு விழுந்தது என்றோ, சுவர் பிளந்தது என்றோ அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. விரிசலையும் எம்டனையும் முடிச்சுப் போட்டது பிறகு வந்த நாங்கள்.

சின்ன வயதில் உன்னை வள்ளலார் வாழ்ந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றது நினைவிருக்கிறதா? இதே ஏழுகிணற்றில், நாம் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் விளக்கேற்றி வைத்து முருகனைக் கண்டார் என்று நான் சொன்னதும், "அந்தக் கண்ணாடி எந்த இடத்தில் இருந்ததும்மா?" என்று மட்டும் நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். பேரனும் உன்னைப் போலத்தான் கேட்பான். அவனுக்குக் காட்ட நம்மிடம் ஓர் இடம் இருக்கிறது. விரிசலுக்கு வலப்புறம், விளக்கு மாடத்துக்கு நேர் கீழே. கொள்ளுப்பாட்டி கையால் தடவிக் காட்டிய இடம் அது. வேர் வந்த கதையையும் அவனுக்கு மறைக்காமல் சொல்.

கொத்தனார் வேரை முழுவதும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையால் அடைத்திருக்கிறார். பூச்சு மெதுவாகத்தான் காயும், அவசரப்பட்டுப் பெயின்ட் அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் பொங்கலுக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். வந்ததும் பேரனுக்கு அங்கேயே பாய் விரித்துப் போடுகிறேன். அந்த வேரையும் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா