குளக்கரையை விட்டு ஒரு நாள் கொறங்காட்டுக்கு வாருங்கள்

கொங்கு மண்டலத்துப் பறவை நோக்கர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும், கணக்கெடுப்புகளில் தவறாமல் கலந்துகொள்ளும் அன்பர்களுக்கும் வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் யாருக்கு எந்தக் குளம் என்று நீங்கள் பங்கு பிரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர், சூலூர், உக்கடம் பெரியகுளம். திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு வால்பாறையும் ஏற்காடும் கொல்லிமலையும் இருக்கின்றன. எல்லாம் நல்ல இடங்கள்தான். வெள்ளோட்டில் கூழைக்கடாவையும் நஞ்சராயன் குளத்தில் வரித்தலை வாத்தையும் பார்த்த கண்ணுக்கு வேறு இடம் தோன்றாது என்பது எனக்கும் தெரியும். வெள்ளோடு 2022லும் நஞ்சராயன் குளம் 2024லும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. விடியலில் கரையில் நின்று எண்ணியவர்களுக்கு அதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

என் வழக்கு வேறு. இத்தனை ஆண்டுப் பதிவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். குளங்களைச் சுற்றியும் மலைப்பாதைகளின் ஓரத்திலும் புள்ளி மேல் புள்ளி விழுந்திருக்கும். காங்கேயத்தில் தொடங்கி வெள்ளகோவில், மூலனூர் வழியாக அரவக்குறிச்சிப் பக்கம் வரும்போது புள்ளிகள் தேய்ந்துவிடும். பறவை எங்கே இருக்கிறது என்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை நாம் எங்கே போகிறோம் என்பதைத்தான் அந்த வரைபடம் அதிகம் சொல்கிறது.

வெற்றிடமாகத் தெரியும் அந்தப் பகுதியில்தான் எங்கள் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகள் இருக்கின்றன. உங்களில் பலர் தாராபுரம் சாலையில் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள்: நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், நிழலில் இரண்டு காங்கேயம் மாடு. வருவாய்க் கணக்கில் சிலர் இதைத் தரிசு என்றுகூட நினைத்துக்கொள்கிறார்கள். பரம்பரையாக மேய்ச்சலுக்கென்றே வைத்துக் காத்த நிலம் இது. கிளுவை வேலியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் எந்நேரமும் கலகம் செய்துகொண்டிருக்கும். முள்ளில் வெட்டுக்கிளியைக் குத்தி வைத்துவிட்டு அடுத்த இரைக்குக் கீச்சான் காத்திருக்கும். வானம்பாடி, கௌதாரி, காடை, கல்கௌதாரி, பனங்காடை எல்லாம் இந்த நிலத்துக்கு உரியவை. குளிர்காலத்தில் பூனைப்பருந்து புல்லை உரசுவதுபோலத் தாழப் பறக்கும். காடைக் கூட்டம், ஆந்தைக் கூட்டம் என்று குலத்துக்கே பறவைப் பெயரை வைத்துக்கொண்ட நாட்டில், காடையைத் தேடி ஒரு குழுவும் வராதது எனக்கு வருத்தம்தான்.

ஆள்காட்டிப் பறவையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குளக்கரையில் நீங்கள் பார்ப்பது சிவப்பு மூக்கு ஆள்காட்டி. எங்கள் பக்கத்தில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டிதான் ஆட்சி செய்கிறது. தண்ணீரை விட்டு விலகிய வறண்ட நிலம்தான் அதற்குப் பிடிக்கும். வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் சுக்காங்கல் கிடக்கும் வெட்டவெளியில் லேசாகப் பள்ளம் பறித்து நான்கு முட்டை இடும். புல் மெத்தை கிடையாது. முட்டையின் புள்ளியும் நிறமும் பக்கத்துக் கல்லோடு கலந்துவிடும். குனிந்து தேடினாலும் கண்ணுக்கு அகப்படாது, மிதித்த பிறகுதான் தெரியும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை எங்கோ போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் நின்று குளிர வைக்கும். இதெல்லாம் நடக்கும் காலத்தில் நம் கணக்கெடுப்புகள் முடிந்து, தொலைநோக்கிகள் உறைக்குள் போயிருக்கும். தையும் மாசியும் வலசைப் பறவைக்குச் சரி, ஆள்காட்டிக்குச் சரியில்லை.

கேரளத்துக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்க்கலாம். 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றிலிருந்து ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு முறை பதினைந்து நிமிடம் நடந்து, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினார்கள். வறண்ட காலத்தில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பதிவுகளையும் 361 இனங்களையும் சேர்த்தார்கள். எண்ணிக்கையைவிட அந்தக் குலுக்கல்தான் எனக்குப் பிடித்தது. கட்டம் ரப்பர் தோட்டத்தில் விழுந்தாலும் பஸ் நிலையத்தில் விழுந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். ‘அங்கே ஒன்றும் இருக்காது’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. காக்கையும் மைனாவும் மட்டுமே கிடைத்தால் அதுவும் பதிவுதான்.

இதை அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2023ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொன்னது. புல்வெளியையும் திறந்தவெளியையும் நம்பியிருப்பவை மோசமாக அடிபட்டிருக்கின்றன. பனங்காடை உலக அளவில் எவ்வளவு அழிவு அபாயத்தில் இருக்கிறது என்பதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அந்த அறிக்கையே உங்களைப் போன்றவர்கள் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய பட்டியல்களைக் கொண்டு எழுதப்பட்டது. இங்கே கொறங்காடுகள் சூரிய மின்தகடுகளுக்கும் மனைகளுக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். மாடு குறைந்த வீட்டில் புல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வனத்துறையையும் சொல்லிப் பயனில்லை, இது பட்டா நிலம். ஆனால் மின்தகடு வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே, வரும் ஆண்டில் மாவட்ட எல்லையைப் பார்க்காமல் கொங்கு முழுவதையும் கட்டம் போடுங்கள். கொங்கின் பழைய இருபத்து நான்கு நாட்டுப் பிரிவுகளைப் போல ஆளுக்கு ஒரு பகுதியைப் பொறுப்பேற்றுக்கொண்டாலும் சரி. தை, மாசியோடு பங்குனி, சித்திரையிலும் ஒரு சுற்று வையுங்கள். கூடு கண்ட இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், படம் எடுக்கிறவர்கள் படையெடுத்துவிடுவார்கள். வேலிக்குள் இறங்கும் முன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திரும்பும்போது படலை மறக்காமல் சாத்துங்கள், ஆடு வெளியேறினால் அடுத்த ஆண்டு உள்ளே விட மாட்டார்கள்.

மூலனூர்ப் பக்கத்துக் கட்டங்களுக்கு அனுமதி வாங்குவதும் வழிகாட்டுவதும் என் பொறுப்பு. காலை ஆறு மணிக்குள் வந்து சேருங்கள். ஒன்பதுக்கு மேல் வெயில் நிற்க விடாது.

இப்படிக்கு,
மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டுக்காரன்