தண்ணீர் வடிந்த பிறகும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமப்புற மாவட்டங்களில் வெள்ளம் வந்தால் இரண்டு மூன்று நாள் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. தண்ணீர் வடிந்த மறுநாளே அது நின்றுவிடுகிறது. எங்கள் பாடு அன்றுதான் தொடங்குகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கிணறு. நகரத்தில் குழாய்த் தண்ணீரைச் சோதித்து அனுப்ப ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அவரவர் கிணற்றுக்கு அவரவர்தான் பொறுப்பு. வெள்ளம் உள்ளே இறங்கியிருந்தால் கழிவுத்தொட்டி அழுக்கும் தொழுவத்துச் சாணமும் வயலில் தெளித்த மருந்தும் கூடவே இறங்கியிருக்கும். தெளிவாகத்தானே இருக்கிறது என்று குடித்துவிடுகிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. இது பலருக்குத் தெரியவில்லை. கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, பரிசோதனையில் சரி என்று வரும்வரை அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது.

அப்புறம் சேறு. எலியின் சிறுநீர் கலந்த நீரில் காயம்பட்ட காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். உடனே வராது, பல நாள் கழித்தும் வரும். அதற்குள் வெள்ளத்தில் இறங்கியதே மறந்துபோய், மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். முழங்கால்வரை பூட்ஸ் போட்டுச் சேற்றை அள்ளச் சொல்லி யாராவது எழுத வேண்டாமா?

மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவது இன்னொரு கொடுமை. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். நனைந்த தீவனப்புல் கட்டுகளை அப்படியே அடுக்கி வைத்தாலும் ஆபத்துதான். உள்ளே சூடேறி, சில வாரம் கழித்துக்கூடத் தானாகவே தீப்பிடிக்கும்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட இறங்குகிறார்கள், ஏனென்றால் ஊருக்கு இருப்பது ஒரே பாலம். அவர்களை அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகும் அந்தப் பாலத்தின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்க்காமலே வண்டிகள் ஓடுகின்றன.

வெள்ளத்துக்குப் பின் ஒரு மாதமாவது வாரம் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். கிணற்றுத் தண்ணீரை எங்கே சோதிக்கலாம், செத்த கால்நடைகளை யார் அப்புறப்படுத்துவார்கள், பயிர்ச்சேத விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது, எந்தப் பாலத்தை இன்னும் ஆய்வு செய்யவில்லை என்பதையெல்லாம் அதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிராமத்து வாசகர்