சிகார் பெட்டிக்குத் தண்ணீர் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், சிகார் வைக்கும் ஹியூமிடார் பெட்டியை முதன்முதலாக வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. புதுப் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பஞ்சை நனைத்து மூடிக்குள் பொருத்த வேண்டும், 70 சதவீத ஈரப்பதம் வரும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி, காற்று 30 சதவீதத்துக்கு வறண்டுபோகும் ஊர்களுக்கு அது பொருந்தும். புதுச்சேரியிலும் கடலூரிலும் அப்படிச் செய்தால் ஒரே மழைக்காலத்தில் பெட்டியும் கெடும், உள்ளே இருப்பதும் கெடும்.

புகையிலை எந்த வடிவில் வந்தாலும் உடம்புக்குக் கேடுதான். யாரையும் புகைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் பிரான்சிலிருந்து ஊருக்கு வரும் உறவினர்கள் 25 சிகார் கொண்ட பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது நம் ஊரில் இன்றும் உண்டு. பீரோவில் துணிக்கு நடுவே வைக்கப்படும் அந்தப் பெட்டி, பெரும்பாலும் பூசணம் பூத்து அல்லது வண்டு துளைத்துத்தான் வெளியே வருகிறது. இரண்டையும் தடுக்க முடியும்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதம் என்பது நம் கடற்கரையில் சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். சிகாருக்கு ஏற்றது 18 முதல் 21 டிகிரி, 65 முதல் 69 சதவீதம். 20 டிகிரியில் 65 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டருக்கு 11 கிராம் நீராவி போதும். வெளியே இருப்பது தேவையைப் போல இரண்டு மடங்கு. மூடி சற்றுக் கசிந்தாலும், அடிக்கடி திறந்தாலும் ஈரம் உள்ளேதான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அதனால் இந்தக் கரையில் ஹியூமிடாரின் வேலை, வெளி ஈரத்தை உள்ளே விடாமல் நிறுத்துவதும் சூட்டைக் குறைப்பதும்தான்.

ஈரம் 72 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளிலை உப்பும். மேலே சுற்றியிருக்கும் மெல்லிய இலை அதற்கு ஈடுகொடுக்காமல் நுனியிலிருந்து நீளவாக்கில் வெடிக்கும். இழுத்தால் புகை வராது, பற்றவைத்தது பாதியில் அணையும். 75ஐத் தாண்டினால் பூசணம். வெள்ளையாகவோ சாம்பல் பச்சையாகவோ பஞ்சு படிந்திருந்தால், நன்கு முதிர்ந்த சிகாரில் எண்ணெய் பூத்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அது பூசணமேதான். நுனியின் வெட்டுமுகத்தில் உள்ளிலைகளுக்கு இடையிலும் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

எந்தப் பெட்டியை வாங்குவது? பளபளப்பான மரப்பெட்டி பார்க்க அழகுதான். ஆனால் முதல் பெட்டியாக அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மலிவானவற்றில் மெல்லிய மரத்தகடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நம் ஊர் ஈரத்தில் பலகை வளைந்து மூடி பொருந்தாமல் போகும். மூடியில் கண்ணாடி பதித்தவை கண்ணாடி ஓரமாகக் கசியும். நான்கு பக்கமும் கிளிப், மூடியில் சிலிக்கான் ரப்பர் வளையம் உள்ள, உணவுப்பொருள் வைக்கும் காற்றுப்புகாத டப்பாவே இங்கே சரியான முதல் ஹியூமிடார். 4 அல்லது 5 லிட்டர் அளவு போதும். உள்நீளம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சர்ச்சில் எனப்படும் நீள வகையே 7 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் வரும். டப்பாவைக் கழுவி, பிளாஸ்டிக் வாடை போகும்வரை இரண்டு மூன்று நாள் திறந்து உலரவிடுங்கள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தால் எந்த வாடையும் இருக்கக் கூடாது.

டப்பாவுக்குள் ஸ்பானிஷ் சிடார் பலகைத் துண்டுகள் வேண்டும். செட்ரெலா ஒடோராட்டா என்னும் இந்த மரம் நம் வேம்பும் மகாகனியும் சேர்ந்த குடும்பம். கூடுதல் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். தனியாக வாங்க அலைய வேண்டாம். சிகார் வரும் பெட்டி பெரும்பாலும் அந்த மரத்தில்தான் இருக்கும், அல்லது அதன் மெல்லிய தகடு உள்ளே இருக்கும். சிகாரை அந்தப் பெட்டியோடு டப்பாவில் இறக்கிவிடலாம். தேக்கு, சந்தனம், பைன் எதையும் உள்ளே வைக்காதீர்கள், அவற்றின் எண்ணெய் வாடையைப் புகையிலை உறிஞ்சிக்கொள்ளும். பாச்சை உருண்டை போட்ட பீரோவும் சாம்பிராணி போடும் பூஜை அறையும் அதனால்தான் ஆகாது. பழச்சுவை, மதுச்சுவை ஏற்றிய சிகாருக்குத் தனி டப்பா வேண்டும்.

ஈரப்பதத்தைச் சொல்லும் ஹைக்ரோமீட்டர் டிஜிட்டலாக இருக்கட்டும். மரப்பெட்டியோடு வரும் பித்தளை முள் மீட்டரை நம்ப முடியாது. டிஜிட்டலையும் சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும். தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, மேலே தண்ணீரும் நிற்கக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒன்றையொன்று தொடாமல் ஜிப் கவரில் வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடி, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் 24 மணி நேரம் விடுங்கள். கவரைத் திறக்காமலே எண்ணைப் படியுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மீட்டரில் எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த தூள் உப்புதான் இதற்கு ஆகும். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று எடுத்தால் கணக்கு தப்பும். அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் உப்பு காற்றின் ஈரத்தை 75க்கும் கீழே இழுத்துவிடும். மீட்டர் சரியாக இருந்தும் தவறு என்று தோன்றும்.

ஈரத்தை நிலையாக வைக்க இருவழிப் பை வேண்டும். போவேடா என்ற பெயரில் வருவது பலருக்குத் தெரிந்திருக்கும். உள்ளே உப்புக் கரைசல் இருக்கும். காற்று வறண்டால் நீராவி விடும், ஈரம் கூடினால் வாங்கிக்கொள்ளும். பையின் மேல் அச்சிட்ட எண்தான் அது நிறுத்தும் சதவீதம். 25 சிகாருக்கு 60 கிராம் பை ஒன்று. காற்றுப்புகாத டப்பாவுக்கு 65 எண் போதும். மரப்பெட்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் 62க்கு மாறுவது நல்லது, ஏனென்றால் கசிவு எப்போதும் உள்ளே ஈரப்பதத்தை மேலே தள்ளும். 72 எண் பை நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். பை உப்பி, அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்பினால், இனி ஈரம் வாங்காது என்று பொருள்; ஏ.சி. ஓடும் அறையில் சில நாள் வெளியே வைத்தால் கூடுதல் நீர் வெளியேறும். கல்லாக இறுகியிருந்தால் தீர்ந்துவிட்டது. மரப்பெட்டியின் மூடிக்குள் வரும், பச்சைப் பஞ்சு பொருத்திய சாதனம் ஈரத்தை விட மட்டுமே தெரிந்தது, குறைக்காது, அதைக் கழற்றிவிடுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் நிரந்தரமாக உள்ளே போடாதீர்கள். அது எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் உறிஞ்சிக்கொண்டே போய் இலையைச் சருகாக்கிவிடும்.

ஏற்கெனவே மரப்பெட்டி பரிசாக வந்திருந்தால் முதலில் கசிவைப் பாருங்கள். செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, விளக்கை அணையுங்கள். மூடி ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. பத்து ரூபாய் நோட்டை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி இடுக்கி இழுத்துப் பாருங்கள், எங்கும் லேசாக வரக் கூடாது. அடுத்து, சோதித்த மீட்டரை வெறும் பெட்டிக்குள் வைத்து ஒரு நாள் மூடிவையுங்கள். ஏ.சி. கடையில் இருந்து வந்து 60க்குக் கீழே காட்டினால்தான் வறண்ட மரத்தை ஈரத்துக்குப் பழக்க வேண்டும். அதற்கு 84 எண் பையை வைத்து 14 நாள் திறக்காமல் விட்டால் போதும். மழைக்காலத்தில் வாங்கியது 70க்கு மேல் காட்டினால் 62 பைகளை வைத்து 67க்கு இறங்கும்வரை காத்திருங்கள். இரண்டிலும் ஈரத்துணி கூடாது. தண்ணீர் பட்ட இடத்தில் மர நார் எழும்பும், ஒருபுறம் மட்டும் நனைந்த பலகை வளையும், பசை விடும். இன்னொன்று, 50 சிகார் கொள்ளும் என்று எழுதியிருந்தால் 30, 35தான் கொள்ளும். திணித்து அடுக்கினால் காற்று ஓடாது.

அடுத்தது சூடு. பூசணத்தைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். சிகரெட் வண்டு, அறிவியல் பெயர் லாசியோடெர்மா செரிகோர்னே, 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். நம் வீட்டு மஞ்சள், மிளகாய், மல்லி டப்பாக்களில் வருவதும் இதே வண்டுதான். முட்டை இலையோடேயே வந்திருக்கலாம். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டிய பிறகு வண்டு பெருகும் அபாயம் கூடுகிறது, 30 டிகிரி அதற்கு மிக வசதி. புழு இலையைத் தின்று வளர்ந்து, வண்டாகி ஓட்டை போட்டு வெளியே வரும். குண்டூசி முனை அளவு துளையும், வெள்ளைத்தாளில் தட்டினால் உதிரும் பழுப்புத் தூளும் அடையாளம். ஒன்றில் கண்டால் எல்லாவற்றிலும் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு மருந்து கிடையாது, குளிர்தான் வழி. பல நிறுவனங்கள் ஆழ்குளிரில் வைத்தே அனுப்புகின்றன என்றாலும், வந்த பெட்டி எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆகவே புதிதாக வரும் எதையும் இரண்டு ஜிப் கவருக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிரீசரில் மூன்று நாள், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். பிரீசர் மைனஸ் 18 டிகிரியைத் தொட வேண்டும். ஐஸ் படிந்த பழைய பிரீசர் அந்த அளவுக்குப் போகாது, ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். படிப்படியாகக் குளிரவைக்காமல் நேரே பிரீசரில் வைத்தால் மேலிலை வெடிக்கலாம். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கவும் கூடாது. நம் காற்று 30 டிகிரியில் 75 சதவீதம் இருக்கும்போது, 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேலும் பனித்துளி கட்டும். அறை வெப்பத்துக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அதுவரை பொறுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். தளத்துக்கு அடியில் உள்ள பரண், மேற்குச் சுவர் அலமாரி, பிரிட்ஜ் தலை, மளிகை அலமாரி இவை நான்கும் கூடாது. வீட்டின் நடு அறையில், தரையை ஒட்டிய தட்டு நல்லது. டப்பாவை அப்படியே ஒரு புதிய தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கினால், ஏ.சி. இரவில் மட்டும் ஓடும் வீட்டிலும் பகல் சூடு உள்ளே ஏறுவது மிகவும் மட்டுப்படும். கத்திரி வெயிலில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துண்டில் சுற்றி, டப்பாவுக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகையை நிறுத்தி, காலையும் மாலையும் மாற்றுங்கள். பலகை இல்லாவிட்டால் குளிர்ந்த பக்கத்தில் டப்பாவின் உட்சுவரில் நீர் கோக்கும். இந்த முறை புயல் நாளுக்கும் உதவும். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் என்று கரையேறிய புயல்களின்போது கரண்ட் என்ன பாடு பட்டது என்று நம் இரு ஊர்க்காரர்களுக்கும் சொல்லத் தேவையில்லை. மழைக்கு முன்பே உபரிப் பை ஒன்று கையில் இருக்கட்டும்.

ஒயின் பாட்டில் வைக்கும் சிறு குளிர்பெட்டியான ஒயின் கூலரை இதற்கு வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கம்ப்ரஸர் இல்லாத வகை, அறை வெப்பத்தைவிட 12, 15 டிகிரிதான் குறைக்கும். மே மாதக் கூடத்தில் அதனால் 18 டிகிரிக்கு இறங்க முடியாது. ஏ.சி. அறையில் என்றால் வாங்கலாம். நூறு சிகாருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு வாரம் திறக்காதீர்கள். பயணத்தில் வந்த சிகார் நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து காற்று மாற்றினால் போதும். அதையும் இரவெல்லாம் ஏ.சி. ஓடிய அறையில், காலையில், கதவைத் திறப்பதற்கு முன்பே செய்யுங்கள். செலோபேன் உறையை உரிக்க வேண்டாம்; அது ஈரத்தை மெல்லக் கடத்தும், கைபட்டு மேலிலை கிழியாமலும் காக்கும். குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

ஐப்பசி மழை தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. ஈரத்துணி, பஞ்சு பற்றிய அந்தக் குறிப்பை அதற்கு முன் வரும் இணைப்பிதழ் ஒன்றில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவு என்றால் உப்புச் சோதனையையும் பிரீசர் முறையையும் மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.